கழிவை மெஷின் எடுத்துவிடுகிறதே, பிறகு எதற்கு இத்தனை மருந்து?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. சிறுநீரகம் செயலிழந்து, இரண்டு மாதமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. கழிவை மெஷின் எடுத்துவிடுகிறது என்றால், இரத்தம் ஊற ஓர் ஊசி, பிரஷருக்கு மூன்று மாத்திரை, எலும்புக்கு இரண்டு மாத்திரை எதற்கு? படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். நுரையீரல் மருத்துவரிடம் காட்டினால் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறார். இன்சுலினையும் பாதியாக்கிவிட்டார்கள். பள்ளியில் இரத்த ஓட்டம், சுவாசம், நாளமில்லாச் சுரப்பிகள், கழிவு நீக்கம் என்று நான்கு தனித்தனிப் பாடங்கள் படித்தோம். ஓர் உறுப்பு கெட்டால் நான்கும் ஏன் சேர்ந்து கெடுகின்றன?

பதில்: நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் செவிலிய மாணவிகளுக்கு உடலியங்கியல் கற்பித்தவள். ஒவ்வோர் ஆண்டும் கடைசி வகுப்பில், உங்கள் அப்பாவுடையதைப் போன்ற ஒரு மருந்துச் சீட்டைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்லச் சொல்வேன். அதற்கு விடை சொல்லத் தெரிந்தவளுக்கு அந்த ஆண்டுப் பாடம் முழுவதும் புரிந்துவிட்டது என்று பொருள். நீங்கள் கேட்டிருப்பது அந்தக் கேள்விதான்.

நான்கு மண்டலங்கள் என்பது பாடம் நடத்துவதற்காக நாங்கள் போட்டுக்கொண்ட பிரிவு. உடம்புக்குள் நடப்பது ஒரே வேலை. இரத்தத்தின் அளவு, அழுத்தம், அதில் கரைந்திருக்கும் உப்பு, அமிலம், ஆக்சிஜன் ஆகியவை ஒரு குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். அதற்கு இதயம் தள்ளுகிறது, நுரையீரல் காற்றை மாற்றுகிறது, சுரப்பிகள் சேதி அனுப்புகின்றன, சிறுநீரகம் அளந்து திருத்துகிறது. திருத்துகிற இடம் கெட்டுவிட்டால் மற்ற மூன்றும் எந்தக் கணக்கை வைத்து இயங்கும்?

முதலில் அளவைப் பாருங்கள். ஓய்வாக இருக்கும்போது இதயம் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லி இரத்தத்தைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஏறக்குறைய 5 லிட்டர். ஒருவர் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமும் அவ்வளவுதான். அந்த 5 லிட்டரில் ஒரு லிட்டருக்கு மேல் இரண்டு சிறுநீரகங்களுக்குப் போகிறது. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிராம் எடைதான். மூளைக்கே அதைவிடக் குறைவாகத்தான் போகிறது. இவ்வளவு இரத்தம் சிறுநீரகத்தின் சொந்தப் பசிக்காகப் போகவில்லை. சிறுநீரகத்தை விட்டு வெளியேறும் சிரையின் இரத்தத்தில் இன்னும் நிறைய ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். சோதிப்பதற்காகத்தான் அத்தனையும் அங்கே போகிறது.

வகுப்புக்கு நான் கறிக்கடையில் குண்டிக்காய் வாங்கிக்கொண்டு போவேன். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் வெளியோரம் அடர்ந்த செம்பழுப்பாகவும், உட்பகுதி வெளிறியும், நடுவில் வெள்ளைக் குழியும் கொழுப்புமாகத் தெரியும். அந்த வெளியோரத்தைக் கைலென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்வேன். ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு கிளாமருலஸ், மயிரிழையினும் மெல்லிய இரத்தக்குழாய்கள் சுருண்ட ஒரு முடிச்சு. மனிதச் சிறுநீரகம் ஒன்றில் இப்படி ஏறத்தாழ பத்து லட்சம் இருக்கின்றன. இந்தப் புள்ளிகளை முதலில் கண்டு எழுதியவர் மார்செல்லோ மால்பிகி என்ற இத்தாலியர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1661இல், தவளையின் நுரையீரலில் தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை முதலில் பார்த்தவரும் அவர்தான். நுரையீரலையும் சிறுநீரகத்தையும் ஒரே கண் பார்த்தது எனக்கு எப்போதும் பொருத்தமாகவே தோன்றும்.

அந்த முடிச்சுகளின் வழியே நிமிடத்துக்கு ஏறத்தாழ 125 மில்லி நீர் இரத்தத்திலிருந்து வடிகிறது. ஒரு நாளைக்கு 180 லிட்டர்! வெளியே போகும் சிறுநீர் ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி முழுவதும் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளப்படுகிறது. போகிக்கு முன்பு வீட்டை வெள்ளையடிக்கும்போது என்ன செய்வோம்? குப்பையைத் தேடித்தேடி எடுக்க மாட்டோம். சாமான் அத்தனையையும் முற்றத்தில் இறக்கிவைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோவோம். எடுத்துவைக்காமல் விட்டதெல்லாம் குப்பை. சிறுநீரகமும் அப்படித்தான் செய்கிறது. இதில் ஒரு பெரிய வசதி உண்டு: முன்பின் தெரியாத ஒரு வேதிப்பொருள் இரத்தத்தில் புகுந்தாலும், அது வடிந்துவிட்டால் போதும். அதை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உள்ளே எடுத்துவைக்காமல் விட்டாலே வெளியே போய்விடும்.

எதை எவ்வளவு திரும்ப எடுப்பது என்பதை யார் சொல்கிறார்கள்? அங்கேதான் ஹார்மோன்கள் வருகின்றன. தண்ணீரைப் பற்றிய கட்டளை மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரியிலிருந்தும், சோடியத்தைப் பற்றிய கட்டளை சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனலிலிருந்தும், கால்சியத்தைப் பற்றிய கட்டளை கழுத்தில் இருக்கும் பாராதைராய்டிலிருந்தும் வருகின்றன. சிறுநீரகம் கட்டளையைக் கேட்பதோடு நிற்பதில்லை, தானும் கட்டளை போடுகிறது. உங்கள் அப்பாவின் மருந்துச் சீட்டில் பாதி, அந்தக் கட்டளைகள் நின்றுபோனதற்கான ஈடு. இனி உங்கள் வரிசைப்படியே வருகிறேன்.

இரத்தம் ஊற ஊசி. சிவப்பணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். இறப்பதற்கு ஈடுகட்ட எலும்பு மச்சை வினாடிக்கு இருபது லட்சத்துக்கு மேல் புதிதாக உண்டாக்க வேண்டும். எவ்வளவு உண்டாக்குவது என்று மச்சைக்குச் சொல்வது எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன். பெரியவர்களில் அதன் பெரும்பங்கு சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. நுரையீரல் சரியாக இழுத்ததா, இதயம் சரியாகத் தள்ளியதா, இரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கிறதா என்பதைச் சிறுநீரகத் திசு நுகர்ந்து பார்க்கிறது. குறைந்தால் இந்த ஹார்மோனைக் கூட்டுகிறது. மலைப்பகுதியில் வாழ்பவர்களுக்குச் சிவப்பணு கூடுவது இதனால்தான். செல் எப்படி ஆக்சிஜனை உணர்கிறது என்பதை விளக்கியதற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

இந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்த கதையை நான் எந்த வகுப்பிலும் விட்டதில்லை. மச்சை செத்துப்போன இரத்தசோகை நோயாளிகளின் உடம்பு எரித்ரோபாய்ட்டினை ஏராளமாகச் சுரக்கும், கேட்பதற்கு மச்சைதான் இருக்காது. ஜப்பானில் அப்படிப்பட்ட நோயாளிகளிடமிருந்து 2,550 லிட்டர் சிறுநீரைச் சேகரித்து, வற்றவைத்து, தகாஜி மியாகே என்ற ஆய்வாளர் சிகாகோவில் இருந்த யூஜின் கோல்ட்வாசரிடம் கொண்டுபோனார். அத்தனையிலிருந்தும் சில மில்லிகிராம் தூய ஹார்மோன் கிடைத்தது. 1977இல் அந்த முடிவு வெளியானது. அதை வைத்துப் பிறகு அதன் மரபணுவைக் கண்டுபிடித்து, செல்களில் வளர்த்து, 1989இல் மருந்தாகவே கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கு முன்பு டயாலிசிஸ் நோயாளிகள் அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொண்டுதான் நடமாட வேண்டியிருந்தது. உங்கள் அப்பாவுக்குப் போடும் ஊசி அதே ஹார்மோனோ, அதன் மாற்றுவடிவமோதான். அதனுடன் இரும்புச்சத்தும் கொடுப்பார்கள். கட்டளை மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது, மச்சையிடம் சரக்கும் இருக்க வேண்டும்.

அடுத்து, படுத்தால் மூச்சு முட்டுவது. நுரை ஈரல் என்ற பெயரே அந்த உறுப்பைச் சொல்லிவிடுகிறது. கறிக்கடையில் வாங்கிய ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். உள்ளே முப்பது கோடிக்கும் குறையாத காற்றறைகள். விரித்தால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர், ஓர் ஒற்றையர் பாட்மிண்டன் ஆடுகளத்தின் பரப்பு. காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே உள்ள சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமன். சிவப்பணு அந்த நுண்குழாயைக் கடக்க முக்கால் வினாடிதான் ஆகும்; அதில் முதல் கால் வினாடிக்குள்ளேயே ஆக்சிஜன் நிரம்பிவிடுகிறது.

இவ்வளவு மெல்லிய சுவர் வழியே இரத்தத்தின் நீர் ஏன் கசிவதில்லை? நுரையீரலுக்குப் போகும் இரத்தத்தின் அழுத்தம் மிகக் குறைவு. உடம்புக்குள் ஓடும் இரத்தத்தின் அழுத்தம் 120/80 என்றால், நுரையீரல் தமனியில் 25/8 அளவுதான். நுண்குழாய்களில் இன்னும் குறைவு, பத்தை ஒட்டி இருக்கும். மறுபக்கம் இரத்தத்தில் உள்ள புரதங்கள் ஏறத்தாழ 25 அளவு விசையுடன் நீரைத் தம்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கின்றன. இழுப்பு வெல்கிறவரை காற்றறை காய்ந்திருக்கும்.

உங்கள் அப்பாவுக்குச் சிறுநீர் மிகக் குறைவாகவோ, இல்லாமலோ இருக்கும். குடித்ததெல்லாம் உள்ளேயே நிற்கிறது. பகலில் உட்கார்ந்தும் நடந்தும் இருக்கும்போது அது கால்களில் இறங்கிக்கிடக்கும். கணுக்காலை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள், குழி விழும். இரவில் படுத்ததும் கால்களில் இருந்த நீர் இரத்தத்துக்குத் திரும்பி நெஞ்சை நோக்கி வருகிறது. இத்தனை வருடப் பிரஷரில் தடித்து விறைத்துப்போன இடது இதயத்தால் கூடுதல் அளவைத் தள்ளிவிட முடியவில்லை. தள்ளப்படாத இரத்தம் பின்னால் தேங்கி, நுரையீரல் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. அது புரதத்தின் இழுப்பைத் தாண்டிய நிமிடம் நீர் காற்றறைக்குள் கசியத் தொடங்குகிறது. எழுந்து உட்கார்ந்தால் நீர் மறுபடி கீழே இறங்கி, மூச்சு முட்டுவது குறைகிறது. நுரையீரல் மருத்துவர் சரியாகத்தான் சொன்னார். மூச்சு முட்டுகிறது, ஆனால் கெட்டுப்போனது மூச்சுப்பை இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் குடும்பங்கள் இதில்தான் தோற்றுப்போகின்றன. தண்ணீரை மட்டும் குறைக்கச் சொன்னால் யாராலும் முடியாது. இரத்தத்தில் உப்பின் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலே மூளை தாகத்தை எழுப்பிவிடும். அந்தத் தாகத்தோடு சண்டை போட்டு ஜெயித்தவர் இல்லை. 9 கிராம் உப்பு உள்ளே போனால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சலைன் பாட்டிலில் உப்பும் நீரும் கலந்திருக்கும் கணக்கும் அதுதான். ஆகவே குறைக்க வேண்டியது முதலில் உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், வற்றல் இவற்றை அப்பாவின் கண்ணில் படாமல் எடுத்துவைத்துவிட்டால், தண்ணீர்ச் சண்டை பாதியாகக் குறையும். பொட்டாசியம் கலந்த “குறைந்த சோடியம்” உப்பை மட்டும் வாங்கிவிடாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

மூச்சில் இன்னொரு மாற்றத்தையும் கவனித்திருக்கலாம். டயாலிசிஸுக்கு முந்தைய நாள் அவர் உட்கார்ந்திருக்கும்போதுகூட ஆழமாக, வேகமாக மூச்சு விடுவார். அது நீரால் மட்டும் வருவதில்லை. நாம் சாப்பிடும் புரதம் எரிந்து நாள்தோறும் கொஞ்சம் அமிலம் மிஞ்சுகிறது. அதைச் சிறுநீரகம் மட்டுமே வெளியேற்ற முடியும். அது தேங்கினால் இரத்தத்தின் பி.எச். (அமிலம் கூடக் கூடக் குறையும் எண்) 7.35க்குக் கீழே சரியும். உடனே மூளைத்தண்டு நுரையீரலை விரட்டுகிறது: கரியமில வாயுவை இன்னும் வேகமாக வெளியே தள்ளு, அமிலத்தின் ஒரு பங்காவது குறையட்டும் என்று. நுரையீரல் நிமிடங்களில் செய்யக்கூடிய திருத்தம் இது. சிறுநீரகம் இதையே மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் செய்யும், ஆனால் முழுமையாகச் செய்யும். முழுமையாகச் செய்கிறவர் இல்லாத வீட்டில், அவசரத்துக்கு வந்தவரே எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறார். டயாலிசிஸ் திரவத்தில் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் சேர்ப்பது நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்கத்தான்.

இப்போது பிரஷர் மாத்திரைகள். இந்த இடத்தில்தான் நீங்கள் படித்த நான்கு பாடங்களும் ஒரே கயிற்றில் கோக்கப்படுகின்றன.

1898இல் ஸ்டாக்ஹோமில் ராபர்ட் டைகர்ஸ்டெட்டும் அவர் மாணவர் பெர் பெரிமானும் முயலின் சிறுநீரகத்தை அரைத்து, அதன் சாற்றை வேறு முயல்களுக்குச் செலுத்தினார்கள். இரத்த அழுத்தம் ஏறியது. அந்தப் பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டார்கள். கழிவு உறுப்பு என்று நினைத்த ஒன்று இரத்த அழுத்தத்தை ஆள்கிறது என்பதை அப்போது பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1934இல் அமெரிக்காவில் ஹாரி கோல்ட்பிளாட், நாயின் சிறுநீரகத் தமனியைக் கிடுக்கியால் ஓரளவு நெரித்து, நிலையான உயர் இரத்த அழுத்தத்தை உண்டாக்கிக் காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

நடப்பது இதுதான். ஒவ்வொரு கிளாமருலஸின் வாசலிலும், உள்ளே வரும் தமனியின் சுவரிலேயே சில செல்கள் காவல் இருக்கின்றன. வருகிற இரத்தத்தின் அழுத்தம் குறைந்தால் அவை ரெனினை விடும். ரெனின் இரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும் ஒரு புரதத்தை வெட்டும். அந்தப் புரதத்தைச் செய்து அனுப்பியது கல்லீரல். வெட்டிய துண்டு ஆஞ்சியோடென்சின்-1. அதனால் நேரடியாகப் பெரிய பயன் இல்லை. அது நுரையீரலின் நுண்குழாய்களைக் கடக்கும்போது, அங்குள்ள ஒரு நொதி அதில் இன்னொரு துணுக்கை நறுக்கி ஆஞ்சியோடென்சின்-2 ஆக்குகிறது. இந்த மாற்றம் நுரையீரலில் நடப்பதை 1960களில் லண்டனில் ஜான் வேனின் ஆய்வகம் காட்டியது. உடம்பின் இரத்தம் முழுவதும் ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் கடக்கும் இடம் நுரையீரல்தானே! அந்த இரண்டாம் துண்டு தமனிகளை இறுக்குகிறது. அட்ரீனலுக்குப் போய் ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கவைக்கிறது. ஆல்டோஸ்டிரோன் சிறுநீரகத்துக்குத் திரும்பிவந்து, “சோடியத்தை விடாதே, பொட்டாசியத்தை விடு” என்கிறது. சோடியத்தோடு நீரும் நிற்க, இரத்த அளவு கூட, அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகத்தில் தொடங்கி, கல்லீரல், நுரையீரல், இரத்தக்குழாய், அட்ரீனல் என்று சுற்றி மறுபடி சிறுநீரகத்திலேயே வந்து முடியும் ஒரு வட்டம்.

பேதியிலோ விபத்திலோ நீரும் இரத்தமும் போகும்போது இந்த வட்டம் உயிரைக் காப்பாற்றுகிறது. தழும்பேறிய சிறுநீரகத்தில் இதுவே எதிரியாகிறது. உள்ளே குழாய்கள் சுருங்கிப்போனதால், வெளியே அழுத்தம் 180 இருந்தாலும் வாசல் காவலுக்கு வந்து சேர்வது குறைவாகவே இருக்கிறது. அது “இரத்தம் போதவில்லை” என்று ரெனினை விட்டுக்கொண்டே இருக்கிறது. அழுத்தம் ஏற ஏற மிச்சமிருக்கும் கிளாமருலஸ்களும் கெடுகின்றன.

மாத்திரை இந்த வட்டத்தை வெட்டுகிறது. பிரேசிலின் ஜராராகா விரியன் கடித்தவர்களுக்கு இரத்த அழுத்தம் படுவேகமாக வீழ்வதை வைத்து ஆராய்ந்த செர்ஜியோ ஃபெரைரா, அந்த நஞ்சின் சாற்றை வேனின் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். நுரையீரலில் உள்ள அந்த நொதியை நஞ்சு முடக்குகிறது என்று தெரிந்தது. அதைப் பின்பற்றிச் செய்த கேப்டோபிரில் 1981இல் மருந்தாக வந்தது. சீட்டில் “பிரில்” என்று முடியும் பெயர் இருந்தால் அது இந்த வழியில் வந்தது. “சார்டன்” என்று முடிந்தால் அது ஆஞ்சியோடென்சின்-2 போய் ஒட்டும் இடத்தை அடைக்கும் மருந்து. பிரில் சாப்பிடும் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். அந்த நொதி நுரையீரலில் வேறொரு பொருளையும் சிதைத்துக்கொண்டிருந்தது. நொதி முடங்கியதும் அது தேங்கித் தொண்டையை அரிக்கிறது. பிரஷர் மாத்திரைக்கு ஏன் இருமல் வருகிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான விளக்கம் இல்லை.

இதயமும் இதில் சும்மா இல்லை. 1981இல் கனடாவில் அடால்ஃபோ டி போல்ட், எலி இதயத்தின் மேலறைத் திசுச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தியபோது அவை சோடியத்தையும் நீரையும் ஏராளமாகச் சிறுநீரில் விட்டன. அளவுக்கு மீறி நிரம்பி விரியும்போது இதயமே ஒரு ஹார்மோனைச் சுரந்து, “உப்பை விடு” என்று சிறுநீரகத்தைக் கேட்கிறது. உங்கள் அப்பாவின் இதயம் இப்போது அதை உரக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். கேட்டுச் செய்ய ஆள் இல்லை.

எலும்பு மாத்திரைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெயில் படும்போது தோலில் உருவாகும் வைட்டமின் டி, கல்லீரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் இறுதி மாற்றமும் அடைந்த பிறகுதான் வேலை செய்யும். கடைசிப் படி நின்றுபோனால் குடல் கால்சியத்தை இழுப்பது குறையும். வெளியேற வேண்டிய பாஸ்பேட்டும் தேங்கும். கழுத்தில் அரிசிமணி அளவில் இருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இதைக் கண்டு, எலும்பைக் கரைத்தாவது இரத்தத்துக்குக் கால்சியம் கொடுக்கின்றன. எலும்பு வலியும் அரிப்பும் இதனால் வரலாம். கரைந்த கால்சியம் இரத்தக்குழாய்ச் சுவர்களில் படிந்து அவற்றைச் சுண்ணாம்பாக்கவும் செய்யும். இரண்டு மாத்திரைகளில் ஒன்று, இறுதி மாற்றம் முடிந்த வைட்டமின் டி ஆக இருக்கும். மற்றொன்று குடலிலேயே பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்வது. அதைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால்தான் பயன்; வெறும் வயிற்றில் போட்டால் பிடிக்க எதுவும் இருக்காது. இந்த ஒன்று தெரியாமலே மாதக்கணக்கில் மாத்திரையை வீணாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்சுலின் பாதியானதைப் பார்த்து, சர்க்கரை நோய் குணமாகி வருகிறது என்று உறவினர்கள் மகிழ்ந்திருக்கலாம். உண்மை வேறு. இன்சுலினைச் சிதைத்து அகற்றும் இடங்களில் சிறுநீரகம் முக்கியமானது. அது நின்றுவிட்டதால் போட்ட ஊசி நெடுநேரம் உடம்பிலேயே தங்கி வேலை செய்கிறது. பழைய அளவையே போட்டால் நள்ளிரவில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவார். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். ஹார்மோனைச் சுரப்பது போலவே, வேலை முடிந்ததும் அதை அகற்றுவதும் ஹார்மோன் ஒழுங்கின் ஒரு பாதி.

பொட்டாசியத்தை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து அதில்தான் இருக்கிறது. உடம்பின் பொட்டாசியத்தில் நூற்றில் 98 பங்கு செல்களுக்குள் இருக்கிறது. இரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரைதான் இருக்கலாம். அந்த உள்–வெளி வேறுபாட்டில்தான் இதயத்தசையின் மின்னோட்டம் நிற்கிறது. 7ஐ நெருங்கினால் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம். வலி இருக்காது, பெரும்பாலும் முன்னறிவிப்பும் இருக்காது. உடம்புக்குக் குளிர்ச்சி என்று அன்போடு சீவிக் கொடுக்கும் ஓர் இளநீர் போதும். வாழைப்பழம், பழச்சாறு, கீரை ஆகியவற்றையும் உணவியலாளரிடம் கேட்டே கொடுங்கள். காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். வாரத்தில் இரண்டு நாள் சேர்ந்து இடைவெளி விழுகிறதே, அந்த நாள்களில் கூடுதல் கவனம் வேண்டும். பிரில், சார்டன் இரண்டுமே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. ஆல்டோஸ்டிரோன் குறைந்தால் பொட்டாசியம் போகும் வழி குறையுமல்லவா? அதனால்தான் அடிக்கடி இரத்தப் பரிசோதனை எழுதுகிறார்கள்.

மெஷின் என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி போன்ற அந்த உருளைக்குள் ஏறத்தாழ பத்தாயிரம் மெல்லிய இழைக்குழாய்கள் இருக்கின்றன. உள்ளே இரத்தம், வெளியே எதிர்த்திசையில் திரவம். யூரியா, கிரியேட்டினின் என்ற கழிவுகளும் பொட்டாசியமும் செறிவு மிகுந்த இரத்தத்திலிருந்து திரவத்துக்கு நகர்கின்றன. அளந்து நீரையும் இழுக்கிறார்கள். 1943இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தில், வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்படும் செல்லோஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி இதைத் தொடங்கினார். முதலில் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள். 1945இல் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தெழுந்தார். இன்றைய மெஷின் எவ்வளவோ மேம்பட்டது. ஆனால் வாரத்தில் 168 மணி நேரத்தில் அது வேலை செய்வது 12 மணி நேரம்தான். எரித்ரோபாய்ட்டினை அது சுரக்காது, வைட்டமின் டி-யை முடித்துத் தராது, ஆல்டோஸ்டிரோனின் சொல் அதற்குக் கேட்காது. மருந்துச் சீட்டின் நீளத்துக்கு இதுவே காரணம்.

அப்பாவின் கையில் ஃபிஸ்டுலா போட்டிருந்தால், இன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதன்மேல் விரல்களை லேசாக வைத்துப் பாருங்கள். பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு தெரியும். தமனியைச் சிரையோடு நேரே இணைத்திருக்கிறார்கள். நுண்குழாய்களின் தடை இல்லாமல், தமனியின் முழு வேகத்தோடு இரத்தம் சிரைக்குள் பாய்கிறது. அதைத் தாங்கித் தாங்கிச் சிரை தடித்து, ஊசி ஏற்கத் தயாராகிறது. நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ முதலானோர் 1966இல் அறிவித்த முறை இது. காலையும் மாலையும் அந்த அதிர்வைத் தொட்டுப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். நின்றுவிட்டால் அடைப்பு என்று பொருள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ, இரத்தம் எடுக்கவோ, இறுக்கமாகக் கடிகாரம் கட்டவோ விடாதீர்கள். மருந்துகளில் எதையும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். தினமும் காலையில் ஒரே தராசில் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு நாளில் ஏறும் கிலோ முழுவதும் தண்ணீர்தான். அந்த எண்ணை வைத்து மருத்துவர் நிறைய முடிவெடுப்பார்.

மாற்றுச் சிறுநீரகம் பற்றி அவர்கள் உங்களிடம் பேசியிருக்கலாம், அல்லது இனிப் பேசுவார்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1971இலேயே வெற்றிகரமாக நடந்த சிகிச்சை அது. புதிய சிறுநீரகத்தைப் பழையதன் இடத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், தொடைக்குப் போகும் பெரிய தமனிக்கும் சிரைக்கும் அருகே வைத்து இணைப்பார்கள். பழையவை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். உயிரோடிருப்பவர் கொடுத்ததானால், பல நேரங்களில் மேஜையிலேயே சிறுநீர் சொட்டத் தொடங்கிவிடும். அதன் பிறகு நடப்பதைத்தான் நான் மாணவிகளுக்குக் கடைசியாகச் சொல்வேன். சில வாரங்களில் ஹீமோகுளோபின் தானாக ஏறும், ஊசி நின்றுவிடும். நல்ல சிறுநீரகம் வந்ததும் சிலருக்கு அது அளவை மீறிப்போய், இரத்தம் கெட்டியாகிவிடுவதும் உண்டு. அப்போது அதைக் குறைக்க மருத்துவர் எழுதித் தருவது எது தெரியுமா? பிரிலோ சார்டனோதான். ஆஞ்சியோடென்சின் தமனியை இறுக்குவதோடு, சிவப்பணு உற்பத்தியையும் தூண்டிவிடுகிறது. அழுத்தத்துக்காக இன்று உங்கள் அப்பா சாப்பிடும் மாத்திரையையே, அன்று அளவை மீறி ஊறிய இரத்தத்துக்காகச் சாப்பிட வேண்டிவரலாம்.